ஆபரேஷனுக்குப் பின் மரணம்: டாக்டர்மேல் கேஸ் நிற்குமா?

பாலக்கோட்டுக்காரன்:
எங்கள் மாமாவுக்கு தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மறுநாள் ராத்திரி வயிறு உப்பி, மூச்சு வாங்கியது. 'வாய்வுதான்' என்று ஊசி போட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் எட்டியே பார்க்கவில்லை. விடிவதற்குள் மாமா போய்விட்டார். போலீசோ டாக்டர்மேல் உடனே நடவடிக்கை எடுக்க முடியாது என்கிறது. காசு வாங்கிவிட்டார்களோ?

கிருஷ்ணகிரி வக்கீல்:
அப்படி முடிவு கட்டாதீர்கள். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனை அது. அந்தத் துறை தெரிந்த, கூடுமானவரை அரசு மருத்துவர் ஒருவரின் கருத்தை வாங்கிய பிறகே நடவடிக்கை. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும். நிரூபித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 106(1)இன்படி டாக்டருக்கு 2 ஆண்டு வரை சிறை, அபராதம். மற்றவர்களுக்கு இதே பிரிவில் 5 ஆண்டு வரை! போஸ்ட்மார்ட்டம் நடந்ததா?

பாலக்கோட்டுக்காரன்:
நடந்தது சார். அறிக்கைக்குக் காத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
கேஸ் ஷீட்டை, அதாவது சிகிச்சைப் பதிவை, எழுத்தில் கேளுங்கள் தம்பி. 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. ராத்திரி டியூட்டியில் எழுதிய பல்ஸ், பிரஷர் பக்கத்தை முதலில் பாருங்கள். டாக்டருக்கு எத்தனை மணிக்குத் தகவல் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி வக்கீல்:
அப்புறம், நஷ்ட ஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம் தனி வழி. 2 ஆண்டுக்குள் போகணும். அங்கே சாதாரணக் கவனக்குறைவே போதும்.