‘காப்புச்சாவி’: குழாய் மரை கழற்றும் ஸ்பேனருக்கு ஒரு பெயர்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

குழாய் முனையிலுள்ள மரையை (நட்டை) கழற்றும் ஃப்ளேர் நட் ஸ்பேனருக்கு ‘விரிமுனைமரைக் குறடு’ என்னும் சொல்லைப் பேராசிரியர் ஐயா அவர்கள் முன்வைத்திருந்தார்கள். இலக்கணப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலூர் முதுநகரில் டிராக்டர், பொக்லைன் இவற்றின் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவன் என்ற முறையில், அச்சொல்லை ஏற்பதில் எனக்குள்ள தடையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறையில் குறடு என்றால் இரண்டு தாடைகளால் நெருக்கிப் பிடிப்பது. துருவேறி இறுகிய குழாய் மரையின்மேல் வைக்கவே கூடாத கருவி அதுதான். இந்தப் பெயரைப் படித்துவிட்டு வேலைக்கு வரும் பையன் முதலில் குறட்டைத்தான் எடுப்பான்.

சென்ற கரும்புப் பருவத்தில் நெல்லிக்குப்பம் பக்கமிருந்து ஒரு டிப்பர் டிரெய்லர் வந்தது. அதன் தூக்கு சிலிண்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் மரைகள் இறுகிக் கிடந்தன. கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது வழக்கமான நோய். எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ ஒரு முனையில் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு, அது வழுக்கியதும் பைப் ரெஞ்சைப் போட்டு, ஆறு மூலைகளையும் மொட்டையாக்கியிருந்தார்கள். அந்த மரையை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. குழாயையும் மாற்ற வேண்டியதாயிற்று. கைபடாத மறுமுனை மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை விட்டு மதியம் வரை ஊறவைத்தோம். பிறகு அதன் எதிரேயுள்ள இணைப்பியை 19 மி.மீ. ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மரையை முதலில் இறுக்கும் பக்கமாகவே மயிரிழை திருப்பினேன். ‘டிக்’ என்று துரு உடைந்த ஒலி கேட்டது. அதன்பின் கழற்றும் பக்கம் திருப்பியபோது முரண்டு பிடிக்காமல் வந்துவிட்டது. அந்த மரையைக் கவ்வியிருந்தது நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் இந்தக் கருவிதான்.

இதன் தேவை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பெயரும் அங்கிருந்தே கிடைக்கும் என்று நம்புகிறேன். ஓப்பன் ஸ்பேனர் மரையின் ஆறு பக்கங்களில் எதிரெதிரான இரண்டை மட்டுமே பற்றுவதால், விசை முழுவதும் இரண்டு மூலைகளில் இறங்கி அவற்றை மழுக்கிவிடுகிறது. ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பற்றும். ஆனால் மரைக்குள்ளே குழாய் ஓடுவதால் வளையத்தை மாட்ட வழியில்லை. ஆகவே வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் குழாய் நுழையும் அளவுக்கு வாய் வெட்டிவிடுகிறார்கள். வாய் குழாயைவிட அகலம், மரையைவிடக் குறுகல். குழாயின்மேல் நுழைத்து, மரைமீது சறுக்கி இறக்கினால் ஐந்து பக்கங்கள் பிடியில் வந்துவிடும்.

‘விரிமுனை’ என்ற அடையும் பொருந்தவில்லை. பிரேக் குழாய்களில் முனையை விரிப்பது உண்மை. ஹைட்ராலிக்கில் 37 பாகையில் விரிப்பதும் உண்டு. ஆனால் முனையை விரிக்காமல், குழாயின்மேல் கடித்து நிற்கும் வளையத்தைக் கொண்டு 24 பாகைக் கூம்பில் அமரும் இணைப்புகளும் ஏராளம். அவற்றின் மரைகளுக்கும் இதே ஸ்பேனர்தான். புதுச்சேரி நண்பர்களுக்குப் பிரெஞ்சு வழக்கு தெரிந்திருக்கும்: அங்கே இதை ‘கிளே அ துயியோத்தே’ என்கிறார்கள். அதில் குழாய் இருக்கிறது, விரிமுனை இல்லை. ஜெர்மானியர் ‘திறந்த வளையச் சாவி’ என்று பொருள்படும்படி அழைக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, பிரெஞ்சில் ‘கிளே’, ஜெர்மனில் ‘ஷ்லூசல்’, போர்ச்சுகீசில் ‘ஷாவி’ ஆகிய மூன்றுமே பூட்டுச் சாவியையும் ஸ்பேனரையும் சேர்த்துக் குறிக்கும் சொற்கள் என்பது. நம் ‘சாவி’ அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். வரும்போது பாதிப் பொருளை வழியில் விட்டுவிட்டது; அதை மீட்டுக்கொள்வதில் பிழையில்லை. ‘சாவி என்றால் பூட்டுதானே நினைவுக்கு வரும்’ என்று கேட்கலாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம், பொம்மைக்குச் சாவி கொடுக்கிறோம். அங்கே பூட்டு ஏது? பொருத்தித் திருப்புவது என்ற பொருள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. திருகி, முடுக்கி என்ற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். முடுக்கி இறுக்குவதை மட்டும் சொல்கிறது, திருகி திருப்புளியோடு குழம்புகிறது.

அடைமொழிக்கு நான் முன்வைப்பது ‘காப்பு’. குழந்தையின் வெள்ளிக் காப்பை நினைத்துப் பாருங்கள். முழு வளையமாக இல்லாமல் ஓரிடத்தில் வாய் விட்டிருக்கும். அந்த வாய் வழியாக மணிக்கட்டை நுழைத்து, பிறகு திருப்பி அமர்த்துவார்கள். இக்கருவியின் தலை அச்சாக அதே உருவம்தான். அதோடு காத்தல் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது: மரையின் மூலைகளைக் காப்பதற்காகவே இந்தக் கருவி பிறந்தது. ஆகவே காப்புச்சாவி. ‘வாய்வளையச் சாவி’ என்பதையும் எண்ணினேன். உருவத்தை அது சரியாகச் சொல்கிறது. ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே நிற்பவரிடம் கேட்பதற்கு நீளமாக இருக்கிறது. ‘பத்து பதினொன்று காப்புச்சாவி எடு’ என்பது வாயில் நிற்கிறது.

இத்துடன் இன்னொரு சொல்லையும் குழு முடிவுசெய்தால் நல்லது. இணைப்பியை அசையாமல் பிடிக்கும் இரண்டாவது ஸ்பேனருக்கு ‘எதிர்ப்பிடி’ என்று பெயரிடலாமா? அது இல்லாமல் திருப்பினால் மரையோடு குழாயும் முறுக்கிக்கொள்ளும். எத்தனையோ நல்ல குழாய்கள் இப்படித்தான் போயின.

அகராதிப் பதிவு கீழ்க்கண்டவாறு இருக்கலாம் என்று கருதுகிறேன். எச்சரிக்கை வரியை நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; உயர் அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயமோ கொசுக்கடி போலத்தான் தெரியும்.

காப்புச்சாவி: பெயர்ச்சொல். குழாய் நுழையும் அளவுக்கு வாய் வெட்டப்பட்ட வளையத் தலையுடைய ஸ்பேனர். குழாய் மரைகளை மூலை மழுங்காமல் கழற்றவும் பூட்டவும் பயன்படுவது. ஹைட்ராலிக் இணைப்பில் கைவைக்குமுன் பாரத்தைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோல்களை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றவும்.