1993 பாத்ரூம், கையில் 45,000: உடைக்காமல் புதுசாக்க முடியுமா? (மாடிவீடு கேட்கிறார்; ரசமட்டம், பைப்லைன், கோடுபோடு என்ற புனைபெயர்க்காரர்கள் பதில் சொல்கிறார்கள்)

மாடிவீடு:
அம்பத்தூரில் 1993இல் கட்டிய அபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. பாத்ரூம் 7க்கு 5 அடி. சுவரில் நாலடி உயரம் வரை 8க்கு 8 அங்குல வெள்ளை டைல், அதற்கு மேலே உரிந்துகொண்டிருக்கும் பெயிண்ட். தரை மொசைக். போர் தண்ணீர் என்பதால் எங்கும் உப்புக் கறை. பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). காலையில் முதல் அரை வாளி செம்மண் நிறத்தில் வருகிறது. மொத்தமாக உடைத்துக் கட்ட 1.2 லட்சம் கேட்கிறார் கொத்தனார். என் பட்ஜெட் 45,000. எதை விடலாம், எதை விடக்கூடாது?

ரசமட்டம்:
டைல் கடைக்குப் போகும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலாவது, ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். 'டொக்கு' என்று பொள்ளல் சத்தம் வந்தால் பென்சிலால் குறி போடுங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நானி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் துளை) வாயைப் பாலிதீன் பையில் மண் கட்டி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சீலிங்கையும் பாருங்கள். மயிரிழை இறங்கினால் அது ஆவியானது. கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினாலோ, கீழே ஈரம் பூத்தாலோ தரையை உடைத்தே ஆகணும். அப்போது மற்ற அழகு வேலையெல்லாம் அடுத்த வருஷத்துக்கு. ஒழுகாத தரையை மட்டும் வீணாக உடைக்காதீர்கள். உளி அதிர்ச்சியில் பழைய வாட்டர்ப்ரூஃபிங் விட்டுப்போனால் சண்டை கீழ்வீட்டில் ஆரம்பிக்கும்.

பைப்லைன்:
செவப்புத் தண்ணி வருதுன்னா முதல் செலவு பைப்தான் சார். டைலைப் புதுசாக்கிட்டு ஆறு மாசத்துல அதையே உடைச்சு பைப் மாத்துறது ரொம்பப் பேர் பண்ற தப்பு.

சுவரைக் காடி எடுக்க வேணாம். பழைய ஜிஐயை மெயின்லயே துண்டிச்சு டம்மி (அடைப்பு மூடி) போட்டுட்டு, அரை இன்ச் சிபிவிசியை (வெந்நீரும் தாங்குற பிளாஸ்டிக் பைப்) சுவருக்கு வெளியோட்டமா ஓட்டுங்க. ரெண்டடிக்கு ஒரு கிளாம்ப். டேப் (குழாய்) வர்ற இடத்துல பிராஸ் த்ரெட் உள்ள எல்போ மட்டும்தான். பிளாஸ்டிக் த்ரெட்ல டேப்பை முறுக்கினா விரிசல் விடும். த்ரெட்டுல சுத்த சணல் வேணாம், டெஃப்லான் டேப் (வெள்ளை நாடா) போதும். சால்வென்ட் ஒட்டினதும் அவசரப்பட்டு தண்ணி திறக்காதீங்க, ஒரு நாள் விடுங்க. கீசர்ல நேரா சிபிவிசி மாட்டாம, ஒன்றரை அடி மெட்டல் கனெக்‌ஷன் பைப் வழியா மாட்டுங்க.

எலக்ட்ரீஷியனும் கோட்டை விடுற விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய கட்டடங்கள்ல சில இடத்துல கீசர் எர்த்தை ஜிஐ பைப்லயே கட்டியிருப்பாங்க. பிளாஸ்டிக் வந்ததும் அந்த எர்த் போச்சு; கீசர் என்னமோ ஓடும், ஷாக் அடிக்கும்போதுதான் தெரியும். தனி எர்த் வயர் இருக்கான்னு பார்த்துட்டு, மின்கசிவு வந்தா உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுடுங்க. இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க.

கோடுபோடு:
சுவர் டைல் பழசாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இடைக்கோட்டின் அழுக்குதான். ஆனால் 'எபாக்சி கிரவுட் (கோட்டை அடைக்கும் பிசின் கலவை) போட்டால் சரி' என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்து 8க்கு 8 டைலை ஸ்பேசர் வைக்காமல் ஒட்டுக்கு ஒட்டாகப் பதித்து ஒயிட் சிமெண்ட் தேய்த்திருப்பார்கள். கோடு ஒரு மிமீகூட இராது, எபாக்சி உள்ளே இறங்காமல் மேலே படலமாக நின்று உரியும். குறைந்தது 2 மிமீ அகலம், 2-3 மிமீ ஆழம் வேண்டும். கட்டர் வைத்து எல்லாக் கோட்டையும் அகலப்படுத்தினால் விளிம்பில் கிளேஸ் (டைலின் பளபளப்புப் பூச்சு) தெறிக்கும். ஆகவே குளிக்கும் பக்கமும், தரையிலிருந்து இரண்டடி உயரமும், மூலைகளும் மட்டும் எபாக்சி. மற்றதற்கு பாலிமர் கலந்த சாதாரண சிமெண்ட் கிரவுட்.

எபாக்சியை ஒரே தடவையில் முழுதாகக் கலக்காதீர்கள். நம்மூர் வெயிலில் அரை மணியில் இறுகத் தொடங்கிவிடும். கால் கிலோவாகக் கலந்து, ஐந்தாறு சதுர அடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் பிளேடால் சுரண்டுவதுதான் வழி.

உப்புக் கறைக்குக் கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக்) வேண்டாம். கோட்டிலுள்ள சிமெண்டையும் மொசைக்கின் பளிங்குச் சில்லையும் அது அரித்துவிடும், குரோம் டேப் கறுத்துப்போகும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் விஷவாயுவே கிளம்பும். கிளேஸ் டைலுக்கு மட்டும் சிட்ரிக் ஆசிட், லிட்டர் வெந்நீருக்கு மூன்று ஸ்பூன், பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மொசைக்கில் படக்கூடாது.

மாடிவீடு:
நன்றி. தட்டியதில் ஷவர் சுவரில் மட்டும் ஒன்பது பொள்ளல், எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசை. தண்ணீர் மட்டம் இறங்கவில்லை. தரை வழுக்குகிறது, அதை மாற்றியே ஆகணும். கதவின் அடியில் 10 மிமீ இடைவெளி.

ரசமட்டம்:
அப்படியானால் தரையில் டைல் மேல் டைல்தான். மொசைக்கை இரண்டங்குலத்துக்கு ஒன்றாக லேசாகக் கொத்தி, தூசி போகக் கழுவிவிட்டு, பையில் 'டைல் ஆன் டைல்' என்று போட்டிருக்கும் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். வெறும் சிமெண்ட் பால் பிடிக்காது. 35 சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்து 39 சதுர அடி வாங்குங்கள். அடிக்கு அடி மேட் (வழவழப்பில்லாத) டைலாக எடுங்கள். இரண்டுக்கு இரண்டு அடி டைல் பழைய வாட்டத்துக்கு (தண்ணீர் ஓடும் சரிவு) வளைந்து கொடுக்காது, மூலையில் தண்ணீர் தேங்கும். 20 கிலோ பசை இரண்டு பை.

டைல் 8, பசை 4, ஆக 12 மிமீ ஏறும். கதவு தட்டும், அடியில் 8 மிமீ அறுக்க வேண்டியிருக்கும். வாசற்படி தரையைவிட உயர்ந்தே இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். நானி டிராப் ஜாலியையும் (மேல் சல்லடை மூடி) உயர்த்தணும். இல்லாவிட்டால் பள்ளத்தில் மாட்டிச் சோப்பு நுரை அங்கேயே நிற்கும்.

ஒன்பது டைலுக்குப் பழைய வெள்ளையைத் தேடி அலையாதீர்கள். பழசு மஞ்சளித்திருக்கும், புதுசு ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அந்த வரிசையை நாலு சுவரிலும் எடுத்துவிட்டு அடர் நீலமோ சாம்பலோ ஓட விடுங்கள்.

பைப்லைன்:
மேல் சுவருக்கும் ஒரு வார்த்தை. உரியுறதுக்குக் காரணம் பெயிண்ட் இல்ல, ஆவி வெளிய போகாததுதான். வென்டிலேட்டர்ல ரெண்டு கண்ணாடியைக் கழட்டிட்டு 6 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிட்டு அப்புறமா பெயிண்டைத் தொடுங்க. கதவை அறுத்தா, அறுத்த அடிவிளிம்புக்கு ரெண்டு கோட் பெயிண்ட் கொடுத்துட்டு மாட்டுங்க. மரம் தண்ணி குடிக்கிறதே அந்த இடத்துலதான்.