பிஸ்கட் டப்பாவுக்கு அடியில ஒரு அமெரிக்க ரேஷன் புத்தகம். உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருக்கா?

கொங்குக்காரன்

எஸ்டேட் சேல் (வீட்டைக் காலி பண்றவங்க சாமானையெல்லாம் விக்கறது) பைத்தியம்ங்க எனக்கு. நியூஜெர்சி வந்து ஒன்பது வருசமாச்சு, சனிக்கிழமை தவறினதில்ல. போன மாசம் ஒரு பழைய வீடு. பொத்தான் போட்டு வெச்சிருந்த பிஸ்கட் டப்பாவுக்கு அடியில சின்னதா ஒரு புத்தகம். எடுத்துப் பார்த்தா ரேஷன் புத்தகம்! அமெரிக்காவோடது, ரெண்டாம் உலகப் போர் சமயத்துது, மூணாம் நம்பர், 1943. கூப்பன் கடையில சீமெண்ணெய் கேனோட நின்னு வளர்ந்தவன் நான். இந்த ஊர்க்காரங்களும் நின்னிருக்காங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

எழுத்துப் போட்ட ஸ்டாம்ப் எல்லாம் தீர்ந்துபோச்சு. டாங்கி, பீரங்கி, கப்பல், விமானம்னு படம் போட்ட பக்கம் மட்டும் மொடமொடன்னு அப்படியே இருக்கு. விமானத்துல மட்டும் முதல் ரெண்டைக் காணோம். பின் அட்டையில “தேவையில்லைன்னா வாங்காதே”ங்கிற மாதிரி அச்சடிச்சிருக்கு. முன்னாடி மையில வயசு 4, உசரம், எடை. தொழில்ங்கிற இடத்துல ஒரு கோடு.

காசு வாங்கற இடத்துல ஒரு வயசான அம்மா. 2 டாலர். வாங்கிப் பெட்டியில போட்டாங்க. புத்தகத்தைத் திருப்பித் தரல. அட்டையில இருந்த பேர் மேல கட்டைவிரலை வெச்சு மெதுவாத் தேச்சாங்க. “இது நான்தான்”னாங்க.

எனக்குப் பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம “ஓ, நைஸ்”னு சொல்லிட்டு, கையில இருந்ததை வாங்கிட்டு வந்துட்டேன். வாங்கிட்டுன்னா, கிட்டத்தட்ட உருவிட்டு. மூணு வாரமா மேசை மேல கிடக்குது. பார்க்கறப்பல்லாம் அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகம் வருது.

அந்தக் காலத்து ஆளுங்க, சாமான், இடம்னு இப்படி எதுலயாவது மாட்டினவங்க இருந்தா எழுதுங்க.

மெரினா காத்து

எனக்கு ஹவாய். பேர்ல் ஹார்பர் எல்லாருக்கும் தெரியும், 1941 டிசம்பர் 7-ல ஜப்பான் குண்டு போட்ட இடம், கதை சொல்லப் போறதில்ல. அரிசோனா கப்பல் தண்ணிக்கடியில அப்படியே கிடக்கு, மேல வெள்ளையா ஒரு மண்டபம், படகுல கூட்டிட்டுப் போவாங்க. அந்த ஒரு கப்பல்ல மட்டும் 1,177 பேர். தொள்ளாயிரத்துக்கு மேல இன்னும் உள்ளேயேதான்.

அதெல்லாம் பலகையில படிச்சது. படிச்சப்போ ஒண்ணும் ஆகல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ பார்த்துக்கிட்டிருந்தேன். ஆழத்துலேர்ந்து கருப்பா ஒரு பொட்டு மேல வந்துச்சு. தண்ணி மட்டத்தைத் தொட்டதும் வானவில் நிறத்துல விரிஞ்சு, தட்டு அளவுக்கு ஆகி, இழுத்துக்கிட்டே போச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. கப்பல்ல 1941-ல நிரப்பின எண்ணெய், இன்னும் கசியுது. அந்த வாசனையும் வந்துச்சு, காசிமேடு படகு வாசனை. சுத்தி அவ்வளவு கூட்டம், ஒருத்தர் பேசல. என் பையன் மட்டும் “அப்பா, அடுத்தது எப்ப வரும்?”னான். அதட்டிட்டேன். ஏன் அதட்டினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

சும்மா தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்த நாட்டை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சண்டைக்கு இழுத்துட்டாங்க. அவ்வளவுதான்.

புத்தகப்புழு

மெரினா, எண்ணெய்க் கதை அருமை. ஆனா கடைசி வரி? “சும்மா தன் வேலையைப் பார்த்துக்கிட்டு”வா?

1935-ல நடுநிலைச் சட்டம் போட்டாங்க, சரி. சண்டை போடற எந்த நாட்டுக்கும் ஆயுதம் இல்லைன்னாங்க. 1939-லயே அதைத் தளர்த்தி, ரொக்கமாக் கொடு, உன் கப்பல்லயே ஏத்திக்கிட்டுப் போன்னு ஆச்சு. அட்லாண்டிக்கைக் கட்டி ஆண்டது பிரிட்டிஷ் கப்பல். அப்ப யாருக்கு வசதின்னு நீங்களே பார்த்துக்குங்க. 1940 செப்டம்பர்ல 50 பழைய நாசகாரிக் கப்பலை பிரிட்டனுக்குத் தள்ளிவிட்டுப் பதிலுக்குத் தளம் வாங்கினாங்க. அதே மாசம் கட்டாய ராணுவச் சட்டம். 1941 மார்ச்ல கடன்-குத்தகைச் சட்டம் வந்ததும் ரொக்கமும் வேணாம்னு ஆயிடுச்சு. ஜூலையில ஐஸ்லாந்துல அமெரிக்கப் படை. அதே கோடையில ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்தினாங்க. அக்டோபர் 31 அன்னிக்கு ரூபன் ஜேம்ஸ்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்சு நூறு பேர் செத்தாங்க. பேர்ல் ஹார்பருக்கு அஞ்சு வாரம் முன்னாடி! நடுநிலைங்கிறது காகிதத்துல மட்டும்தான் இருந்துச்சு. ஜெர்மனி விஷயத்துல கூட டிசம்பர் 11-ம் தேதி ஹிட்லர்தான் முதல்ல போரை அறிவிச்சார்.

அனுபவம் கேட்டதால சொல்றேன். 2014, சிகாகோ, பஸ் வரல, செம குளிர். பக்கத்துல ஒரு தாத்தா, எண்பதைத் தாண்டினவர். ஏதோ பேச்சுல சொன்னார். அவங்க அம்மா, போர்ல சேரக்கூடாதுன்னு சொன்ன ‘அமெரிக்கா முதலில்’ கமிட்டியில தீவிரமா இருந்தவங்களாம். அந்தக் கமிட்டிக்காகப் பேசின விமானி லிண்ட்பெர்க் பேச்சுன்னா ரேடியோ முன்னாடி யாரும் தும்மக்கூடாதாம். மகன்களை அனுப்ப மாட்டேன்னு கோட்டுல எந்நேரமும் பேட்ஜ். டிசம்பர் 8, திங்கக்கிழமை, ரேடியோவுல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேசி முடிச்சதும் அம்மா ஒரு வார்த்தை பேசாம பேட்ஜைக் கழட்டி அடுப்புல போட்டுட்டாங்களாம். தினமும் காலையில சாம்பல் அள்ளறது இவர் வேலை. மறுநாள் அள்ளறப்போ கறுத்துப்போன ஊக்கு மட்டும் கையில குத்தியிருக்கு. “கத்தாம வெளிய போய்ப் போட்டுட்டு வந்தேன்”னார். பஸ் வந்துடுச்சு. அண்ணன் திரும்பி வந்தாரான்னு கேக்கல நான்.

மெரினா காத்து

தேதியெல்லாம் எனக்கும் தெரியும் சார். கட்டாயச் சேவைக் காலத்தை நீட்டிக்கற மசோதா 1941 ஆகஸ்ட்ல 203-க்கு 202, ஒரே ஒரு ஓட்டுல தப்பிச்சது. அதாவது சனங்க பாதிப் பேருக்கு வேணாம். அரசாங்கம் என்ன பண்ணுச்சுங்கிறது வேற, ஊர்ல இருந்தவன் என்ன நினைச்சான்ங்கிறது வேற. உங்க தாத்தாவோட அம்மாவே எனக்குச் சாட்சி.

புத்தகப்புழு

அந்த அம்மாதான் எனக்கும் சாட்சி. பேட்ஜ் அடுப்புக்குப் போக ஒரு முழு நாள் கூட ஆகலையே. டிசம்பர் 8, ஜப்பான் மேல போர் அறிவிக்கற ஓட்டெடுப்புல கீழ்சபையில 388-க்கு 1. அந்த ஒண்ணு ஜெனட் ராங்கின். 1917-லயும் போர் வேணாம்னு ஓட்டுப் போட்டவங்க. அவங்களைத் தவிர யாருக்குமே...

மஞ்சள்கிழங்கு

ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா.

நான் 2017-ல ஒஹையோவுல இருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி சாயங்காலம் வந்து சமையல்கட்டுல உக்காந்துக்குவாங்க. ஒரு நாள் மேத்தி பூரிக்கு மாவு. மஞ்சத்தூளைப் போட்டுப் பிசைய ஆரம்பிச்சேன். மாவுல மஞ்சள் ஒரே சீரா ஏறாது இல்லையா, முதல்ல கோடு கோடா ஓடும். பாட்டி பேச்சை நிறுத்திட்டு அதையே பார்த்தாங்க. எழுந்து வந்து கையைக் கழுவிட்டு “தள்ளு”ன்னாங்க. பத்து நிமிசம் பிசைஞ்சாங்க. மூட்டுவலிக் கை அது, ஜாம் பாட்டில் மூடி திறக்க என்னைக் கூப்பிடறவங்க.

“ஓலியோ”ன்னாங்க. எனக்குப் புரியல. அப்புறம் சொன்னாங்க: போர் சமயத்துல வெண்ணெய்க்கு ரேஷன் புள்ளி ரொம்ப ஜாஸ்தி. அதனால வெண்ணெய்க்குப் பதிலா மார்ஜரின், அதுக்குத்தான் ஓலியோன்னு பேர். அது பன்றிக் கொழுப்பு மாதிரி வெள்ளை வெளேர்னு வருமாம். மஞ்சளா வித்தா கூடுதல் வரி, பால்பண்ணைக்காரங்க செல்வாக்கு அப்படி. அதனால கூடவே ஒரு சின்னப் பொட்டலத்துல சாயம். வீட்ல கிண்ணத்துல கொட்டிப் பிசையறது பிள்ளைங்க வேலை. கோடு மறையற வரைக்கும் பிசையணும், வெள்ளைத் திட்டு தெரிஞ்சா அப்பா சாப்பிட மாட்டாராம்.

நல்லா இருக்குமான்னு கேட்டேன்.

“இல்லை”ன்னாங்க. அன்னிக்குப் பூரி கொஞ்சம் கல்லு மாதிரிதான் வந்துச்சு, அவ்வளவு பிசைஞ்சா பின்ன? நாலு சாப்பிட்டாங்க.

சட்டி பானை

எங்க பழைய வீட்டுக்காரர் சிங்க்குக்கு அடியில எண்ணெய் டப்பா வெச்சிருப்பார். பேக்கன் (பன்றிக்கறி) வறுத்த கொழுப்பெல்லாம் அதுல. நாங்க சைவம், குமட்டிக்கிட்டு வரும். ஏன்னு கேட்டதுக்கு, “குண்டு செய்ய”ன்னார் சிரிக்காம. பயந்தே போயிட்டேன். அப்புறம்தான் சொன்னார், அவங்க அம்மா பழக்கமாம். 1942-லேர்ந்து சமையல் கொழுப்பைச் சேர்த்துக் கறிக்கடையில கொடுக்கச் சொல்லி அரசாங்கம் கேட்டுதாம், கிளிசரின் எடுத்து வெடிமருந்துக்கு. காசு தருவாங்க, பின்னாடி கறி, வெண்ணெய் வாங்கற சிவப்பு ரேஷன் புள்ளியும் தந்தாங்களாம். போர் முடிஞ்சு எழுபது வருசம், டப்பா மட்டும் ஓயல. யாருக்குச் சேர்க்கறார்னுதான் நான் கடைசி வரைக்கும் கேக்கல.

வடமராட்சி

உங்கட கதையள் எல்லாம் வாசிச்சனான். வெண்ணெய், பேட்ஜ், சாம்பல். நல்லம். ஆனா போர்க்காலத்து வீட்டு வாழ்க்கை எண்டு கதைக்கேக்கை, வீடே இல்லாமப் போன ஆக்களையும் சேர்க்கோணும்.

கலிபோர்னியாவில மன்சனார் எண்டொரு முகாம் இருந்த இடம். 395-ம் நெடுஞ்சாலையில, ஒரு பக்கம் பனிமலை, மற்றப் பக்கம் வெறும் புழுதி. 1942 பெப்ரவரி 19-ல ரூஸ்வெல்ட் ஒரு கையெழுத்து வைச்சார், ஜப்பானிய வம்சாவளி எண்டதுக்காக ஒரு லட்சத்து இருபதாயிரம் சனத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து முகாமில அடைச்சவை. அதில மூண்டில ரெண்டு பங்கு அமெரிக்காவில பிறந்த பிரசைகள். கையில தூக்கக்கூடினதை மட்டும்தான் கொண்டு போகலாம்.

நான் போன நேரம் கொட்டிலுக்குள்ள ஒரு வயசான மனுசன், ஜப்பானிய முகம், தனிய. நிலத்தைக் காலால தடவிக்கொண்டு நிண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பலகையில கணு விழுந்த ஓட்டை, அதுக்கு மேல தகர டின் மூடி ஒண்டு ஆணியடிச்சுக் கிடக்கு. பச்சை மரத்தில கட்டினதாம், காய்ஞ்சு சுருங்கி எல்லா ஓட்டையாலையும் புழுதி வரும். விடியத் தலையணையில தலை கிடந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்குமாம். “அம்மா டின் மூடி சேர்த்தவ” எண்டார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்கட ஆக்களும் தறப்பாளுக்குக் கீழ இருந்தவை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டு பேரும் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு நிண்டம்.

1988-ல அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்த ஆக்களுக்கு ஆளுக்கு 20,000 டொலர் குடுத்தது. கட்டாயச் சேவைக் காலம் ஒரு ஓட்டில தப்பினதெண்டு சண்டை பிடிக்கிறியள். இதுக்கு எத்தினை பேர் எதிர்த்து நிண்டவை எண்டு ஒருக்கால் தேடிப் பாருங்கோ.

புத்தகப்புழு

தேடினேன். கையெழுத்துக்கு மேல அடுத்த மாசமே காங்கிரஸ்ல சட்டமும் போட்டிருக்காங்க. பெரிசா எதிர்ப்பே இல்லாமத்தான் நிறைவேறியிருக்கு. வாயை மூடிக்கறேன்.

ஆவணக்காப்பு அக்கா

கொங்குத் தம்பி, மூணு வாரமா “மேசை மேல கிடக்குது”ன்னு எழுதியிருக்கீங்க. அங்கேயே நின்னுட்டேன், மத்ததெல்லாம் அப்புறம்தான் படிச்சேன். ஜன்னல் பக்கமா மேசை? முதல்ல அதை எடுங்க.

அது மட்டமான போர்க்காலக் காகிதம். வெயில் பட்டா பழுத்து, மடிச்சா ஒடியும். லேமினேட் பண்ணவே கூடாது, ஆசைப்பட்டு நிறையப் பேர் பண்ணி நாசமாக்கியிருக்காங்க. கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, பத்து வருசத்துல அந்தப் பசை பழுப்பாகி எழுத்துக்குள்ள இறங்கிடும். கம்பிப் பின் துரு பிடிச்சிருந்தா நீங்களா பிடுங்க வேணாம். கையுறை தேவையில்லை, கையைக் கழுவித் துடைச்சிட்டுத் தொட்டாப் போதும். கையுறை போட்டா விரலுக்கு உணர்ச்சி இல்லாம காகிதத்தைக் கிழிப்பீங்க. அமிலம் இல்லாத காகித உறை, இல்லாட்டி பாலியஸ்டர் உறை வாங்குங்க. பிவிசி உறை வேண்டவே வேண்டாம், கடையில ஆல்பத்துக்கு விக்கறது பாதி அதுதான். பேஸ்மென்ட்ல வைக்காதீங்க, ஈரம். மச்சுலயும் வேணாம், சூடு. படுக்கை அறை அலமாரி போதும். வித்தா காசு வரும்னு நினைச்சா வராது, கோடிக்கணக்குல அச்சடிச்சது.

என் அனுபவம்னா: 1943 பென்னி. செம்பு குண்டுக்குப் போனதால அந்த வருசம் எஃகுல அடிச்சாங்க. வாலண்டியரா போற இடத்துல ஒரு பெரியவர் காந்தத்துல ஒட்டிக் காட்டினார். நல்லா இருந்துச்சு.

அப்புறம் விமான ஸ்டாம்ப் ரெண்டு இல்லைன்னீங்களே, அது செருப்புக்கு. 1943 பிப்ரவரியிலேர்ந்து ஷூவுக்கும் ரேஷன். மூணாம் புத்தகத்து விமானம் ஒண்ணுக்கு ஒரு ஜோடி.

சட்டி பானை

அக்கா, அவர் கேட்டது அனுபவம். ஒரு வரி அனுபவத்துக்கு ஒரு பக்கம் அட்வைஸா?

கொங்குக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன ஷூ விஷயத்தைப் படிச்சதும் இருப்புக் கொள்ளல. சேல் விளம்பரத்துல நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன். அந்த அம்மாவே எடுத்தாங்க. வீடு வித்தாச்சாம், பென்சில்வேனியாவுல மக வீட்ல இருக்காங்க. ரேஷன் புத்தகம் வாங்கின இந்தியன்னு சொன்னதும் “ஆ, என்னோட புத்தகம்”னாங்க. அந்த ‘என்னோட’ போதும்ங்களே.

விமான ஸ்டாம்ப் பத்திக் கேட்டேன். முதல் ஜோடிய நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க. பழுப்பு நிறம். வளர்ற பிள்ளைன்னு அவங்கம்மா ரெண்டு சைஸ் பெருசா வாங்கிட்டாங்களாம். (எங்கம்மா பேட்டா கடையில பண்ணது கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.) முன்னாடி பேப்பரைத் திணிச்சுப் போட்டுக்கிட்டு, நடந்தா டொக்கு டொக்குன்னு சத்தம் வருமாம். அடுத்த விமானம் செல்லுபடியாக மே மாசம் ஆகும். அதுக்குள்ள கால் வளர்ந்துடுச்சா அம்மான்னேன். “இல்லை, அப்பவும் பேப்பர் இருந்துச்சு. ஆனா புது ஷூ வேணும்னு அழுதேன், வாங்கிக் கொடுத்துட்டாங்க”ன்னு சிரிக்கறாங்க.

செவ்வாய்க்கிழமை தபால்ல அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். 2 டாலரைத் திருப்பித் தந்தே தீருவேன்னு ஒரே பிடிவாதம்.

அக்கா, அந்த பாலியஸ்டர் உறை என்ன சைஸ் வாங்கறதுங்க?