ஆலடி வீட்டுக் குழு: கவினின் ஒப்பந்தம்

ஞாயிற்றுக்கிழமை

ரவி, 17:48
எல்லோருக்கும் வணக்கம். வின்டர்தூரில் உள்ள ஒரு மின்வேலை நிறுவனம் கவினுக்கு லேர இடம் தர முன்வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். சாந்தினிக்கு மகிழ்ச்சி. எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை.

சிவபாதம், 18:10
தம்பி, நீ இதற்கு முன் அனுப்பிய ஏழு நிமிடக் குரல் பதிவில் பாதிதான் எனக்குக் கேட்டது. என் காதின் நிலைமை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தயவுசெய்து எழுதுங்கள், அதையும் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். எனக்கு விளங்கிய அளவில், பிள்ளை பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயர் இழுக்கப் போகிறான். இதற்காகவா அவ்வளவு தூரம் போனீர்கள்?

ஜெயா, 18:22
பெரியண்ணா, படிப்பு நின்றுவிடுவதில்லை. தர்சினி வேலையால் வந்ததும் விளக்கமாக எழுதுவாள். அவள் வந்த பாதையும் இதுதான். அப்போது நான் அழுத அழுகை ரவிக்கு நினைவிருக்கும்.

தர்சினி, 20:05
பெரிய மாமா, வணக்கம். முதலில் ஒரு விடயம்: சுவிஸில் "நாட்டின் கல்வி முறை" என்று ஒன்றைக் காட்டுவது கடினம், ஏனெனில் பள்ளிக்கூடம் 26 கன்டோன்களின், அதாவது மாகாணங்களின், கையில் இருக்கிறது. நான் படித்த பேர்ணில் நடப்பது சூரிச் கன்டோனில் அப்படியே நடக்காது. பொதுவாகச் சொன்னால், பாலர் வகுப்பு இரண்டு ஆண்டு, ஆரம்பப் பள்ளி ஆறு ஆண்டு, அதன்பின் மூன்று ஆண்டு என்று 11 ஆண்டுகள் கட்டாயக் கல்வி. சூரிச்சில் அந்தக் கடைசி மூன்று ஆண்டுகளுக்கு செக்குண்டார் பள்ளி என்று பெயர். அதில் ஆ, பே, சே (A, B, C) என்று பிரிவுகள் உண்டு. கவின் ஆ பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பிரிவுகளிலேயே கூடுதலாக எதிர்பார்க்கப்படுவது அதில்தான்.

இதன்பின் இந்த நாட்டுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேரே கொண்டுபோகும் கிம்னாசியத்தை முடிப்பவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருப்பார்கள். ஆகவே லேர என்பது தோற்ற பிள்ளைகள் ஒதுங்கும் இடமன்று. பெரும்பான்மையோர் நடக்கும் பெருந்தெரு அதுதான்.

சிவபாதம், 20:31
நன்றாக எழுதியிருக்கிறாய், பிள்ளை. ஆனால் "லேர" என்றால் என்ன என்பதை இன்னும் சொல்லவில்லை. பட்டறையில் பையனைச் சேர்த்துவிட்டு, முதலாளி தேநீர் வாங்க அனுப்பும் ஏற்பாடு என்றால் அது இங்கும் உண்டு.

தர்சினி, 20:52
சட்டம் அப்படி அனுப்பவிடாது, மாமா. லேர என்றால் தொழிற்பயிற்சி; அது எழுத்துமூலமான ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. நிறுவனமும், பிள்ளையும், வயது வராதபடியால் பெற்றோரும் கையெழுத்திட்டபின், கன்டோனின் தொழிற்கல்வி அலுவலகம் அதைப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பயிற்றுவிப்பவர் தன் தொழிலில் தகுதி பெற்றவராக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கே தனிப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

கவின் எடுக்கப்போகும் மின்நிறுவல் தொழிலுக்குப் பயிற்சி நான்கு ஆண்டு. வாரத்தில் ஒரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்களில் நிறுவனம். இடையிடையே, அந்தத் துறை நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பொதுப் பயிற்சிக்கூடத்தில் சில கிழமைகள். இந்த மூன்றாவது இடம் முக்கியமானது: ஒரு நிறுவனத்தில் புதுக் கட்டட வேலை மட்டுமே இருந்தாலும், பழுதுபார்க்கும் வேலையையும் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வான். தொழிற்பள்ளியில் மின்னியலும் கணிதமும் மட்டுமன்று. சட்டம், சமூகம், மொழி ஆகியவையும் உண்டு. கடைசியில் தேர்வு எழுதி, செய்தும் காட்டினால் கிடைப்பது மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ். எந்தக் கன்டோனில் எடுத்தாலும் நாடு முழுவதும் அதற்கு ஒரே மதிப்பு. மாதம் சில நூறு பிராங்கில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கூடும் சம்பளமும் உண்டு. இப்படி ஏறத்தாழ 250 தொழில்கள் இருக்கின்றன.

குகன், 21:03
நான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியிலும் இதே இரட்டை ஏற்பாடு இருக்கிறது, ஆனால் புள்ளிகளைப் பார்க்கும்போது கவனம் தேவை. கவின் கணிதத்தில் ஐந்தரை எடுத்தான் என்று சாந்தினி அண்ணி எழுதியபோது நான் ஆறுதல் சொல்லிப் பதில் அனுப்பினேன். எங்களுக்கு 1 தான் சிறந்தது. அங்கே 6 தான் சிறந்தது, 4 எடுத்தால் சித்தி.

சாந்தினி, 21:05
அந்த ஆறுதல் செய்தியைக் கவின் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.

ரவி, 22:40
இப்போதுதான் சமையலறை மூடியது, எல்லாவற்றையும் வாசித்தேன். தர்சினி, நீ எழுதியதில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் என் மனதில் இருப்பதையும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் இவனைக் கிம்னாசிய நுழைவுத் தேர்வுக்கு அனுப்பினேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிட்டு ஆயத்த வகுப்புக்குக் கூட்டிச் சென்றேன். கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தான். ஜெர்மன் கட்டுரையில்தான் விழுந்தான். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் தாயும் தகப்பனும் இரவுச் சாப்பாட்டின்போது பேசும் மொழியில் அவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். என் பிள்ளைக்கு அந்தச் சாப்பாட்டு மேசையை நான் எங்கே போய் வாங்குவது? பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு வைத்து வழி பிரிப்பதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது மூன்றாம் செக்கில், அதாவது செக்குண்டாரின் மூன்றாம் ஆண்டில், இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. வரும் மார்ச்சில், செக்குண்டாருக்குப் பின் சேரும் குறுகிய கிம்னாசியத்துக்கான தேர்வு. ஐந்து மாதம் ஒழுங்காகப் படித்தால் எடுத்துவிடுவான் என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்தக் கதவை நானே சாத்தியதாக ஆகிவிடும்.

தர்சினி, 23:01
மாமா, அந்தக் கட்டுரை விடயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். அதை மறைத்து இந்த முறையைப் புகழ எனக்கு விருப்பமில்லை. கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: மார்ச்சில் சித்தியடைந்தால் குறுகிய கிம்னாசியம் நான்கு ஆண்டு, லேரயும் நான்கு ஆண்டு. இரண்டையும் இருபது வயதில்தான் முடிப்பான். கிம்னாசியத்தில் முதல் அரையாண்டு பரீட்சார்த்த காலம் என்பதையும் மறக்கக் கூடாது. அதில் தங்காத பிள்ளை திரும்பி வரும்போது, இந்த நிறுவனம் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்திருக்கும். மிச்சத்தை நாளை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு எனக்கு வேலை.

திங்கட்கிழமை

சிவபாதம், 06:15
இருவரும் இருபதில் முடிப்பார்கள், சரி. ஆனால் ஒருவன் கையில் பல்கலைக்கழகத்துக்கான சீட்டு இருக்கும். மற்றவன் கையில் திருப்புளி இருக்கும். அந்த வேறுபாட்டுக்கு உன் பதில் என்ன?

தர்சினி, 16:48
அதற்குப் பதில் பெரூஃப்ஸ்மத்தூரா, மாமா. தொழில்சார் உயர்தரம் என்று சொல்லலாம், 1990களில் கொண்டுவந்தார்கள். தொழிற்பயிற்சியோடு கூடுதலாக மொழி, கணிதம், துறைப் பாடங்கள் படித்து அதை எடுத்தால், ஃபாக்ஹோக்சூல எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தன் துறைக்கு நுழைவுத் தேர்வில்லாமல் சேரலாம். இரண்டு வழிகள் உண்டு. லேரயோடு சேர்த்துப் படிப்பது ஒன்று. அப்போது பள்ளி வாரத்தில் இரண்டு நாளாகும், நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். லேர முடிந்தபின் ஓராண்டு முழுநேரமாகப் படிப்பது மற்றது. நான் செய்தது இரண்டாவது: மூன்று ஆண்டு சுகாதாரப் பராமரிப்பு லேர, ஓராண்டு மத்தூரா, பிறகு பேர்ணில் தாதியியல் பட்டம். நோயாளியைத் தொட்டு வேலை செய்தபின் உடற்கூற்றியல் படிப்பதில் ஒரு இலகு இருந்தது. பக்கத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கவினுக்கு இன்னும் வசதி. வின்டர்தூரில் 1874 இல் தொடங்கிய "தெக்னிக்கும்" என்ற பழைய தொழில்நுட்பப் பள்ளிதான் இன்று அங்குள்ள ஃபாக்ஹோக்சூலவின் பொறியியல் பிரிவு. மாமா வேலைக்குப் போகும் பேருந்துத் தூரம். லேர நான்கு ஆண்டு, மின்பொறியியல் மூன்று ஆண்டு. இருபத்து மூன்றில் பொறியியலாளன். அதற்குமேல் பொதுப் பல்கலைக்கழகமே வேண்டும் என்றால், பாசரேல் என்று ஓராண்டு இணைப்புப் படிப்பும் தேர்வும் இருக்கின்றன. கடினமானது, ஆனால் சித்தியடைந்தால் மருத்துவம் தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு நேரே போகலாம். மருத்துவத்துக்கு, சூரிச் போன்ற இடங்களில் எல்லோரும் எழுதும் தகுதித் தேர்வை அவனும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"கைன் அப்ஷ்லுஸ் ஓனே அன்ஷ்லுஸ்" என்று இங்கே ஒரு வாசகம் சொல்வார்கள்: எந்த முடிவுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு என்பது பொருள்.

குகன், 17:20
அத்துடன், 1973 இல் ஏழு பேர் கொண்ட மத்திய அமைச்சரவைக்குத் தெரிவான வில்லி ரிட்ஷார்ட் வெப்பக்குழாய் பொருத்துநராகப் பயிற்சி பெற்றவர். பிற்காலத்தில் நிதித்துறையே அவர் கையில் இருந்தது. யூ.பி.எஸ். வங்கியின் தலைமைக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டியும் லுகானோவில் வங்கி லேர செய்தவர்தான்.

ரவி, 17:41
குகன், லேர பற்றிய பெற்றோர் கூட்டம் எல்லாவற்றிலும் எர்மோட்டியின் கதையைச் சொல்கிறார்கள். வங்கியில் லேர செய்து வங்கியிலேயே நின்றுவிட்ட மற்றவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

சிவபாதம், 18:30
ரவியின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. எனக்கு வேறொரு ஐயம். பாடசாலையில் இடம் கொடுப்பது அரசு. இந்த லேர இடங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது யார்?

தர்சினி, 19:15
நிறுவனங்கள்தான், மாமா. இந்த முறையில் பலவீனம் எங்கே என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். சட்டத்தை மத்திய அரசு இயற்றுகிறது, பள்ளியையும் மேற்பார்வையையும் கன்டோன் பார்க்கிறது, பாடத்திட்டத்தைத் தொழில்துறைச் சங்கங்கள் வகுக்கின்றன. ஆனால் இந்தப் பிள்ளையை எடுக்கலாமா வேண்டாமா என்பது ஒரு முதலாளியின் விருப்பம். பதினான்கு, பதினைந்து வயதில் விண்ணப்பக் கடிதம் எழுத வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும். புள்ளிகளோடு நில்லாமல், சான்றிதழின் பின்பக்கத்தில் ஆசிரியர் இடும் குறிகளையும் பார்ப்பார்கள்: நேரத்துக்கு வருகிறானா, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறானா, எத்தனை நாள் வரவில்லை.

என் பெயரோடு அனுப்பிய கடிதங்களில் முதல் பதினொன்றும் திரும்பி வந்தன. ஓர் இடத்தில், நேர்முகத்துக்கு முன்பே, நான் வீட்டில் என்ன மொழி பேசுகிறேன் என்று தொலைபேசியில் கேட்டார்கள். என் வகுப்பில் என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவளுக்கு மூன்றாவது கடிதத்திலேயே இடம் கிடைத்தது. அவளுடைய தந்தை அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்தில் பொருளாளர். இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குப் பத்தாம் ஆண்டு (பாலர் வகுப்பைச் சேர்க்காமல் எண்ணுவது) என்று ஒரு ஆயத்த ஆண்டு இருக்கிறது. அதற்குள் போய்விட்டு அடுத்த முறை முயல வேண்டும். ஆகவேதான் ரவி மாமா, கவினுக்கு ஓர் இடம் கையில் வந்திருப்பதை நான் சாதாரணமாக எடுக்கவில்லை.

ஜெயா, 19:24
அந்தப் பதினொரு கடிதங்களையும் நான் கோப்பில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

சாந்தினி, 20:10
கவினுக்கு இந்த இடம் எப்படி வந்தது என்பதை அண்ணா அறிய வேண்டும். இரண்டாம் செக்கில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஷ்னுப்பர்லேர போவார்கள். முகர்ந்து பார்க்கும் பயிற்சி என்று அதைச் சொல்லலாம், சில நாட்கள் ஒரு தொழிலிடத்தில் இருந்து பார்ப்பது. முதலில் ஒரு அலுவலகத்துக்குப் போனான். மூன்று நாளும் வாய் திறக்காமல் வந்தான். பிறகு இந்த மின் நிறுவனத்தில் நான்கு நாள். கடைசி நாள் இரவு வீட்டுக்கு வந்ததும், வாயிலில் உள்ள மின்பெட்டியைத் திறந்து, எந்த ஆளி எந்த அறைக்குரியது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி ஒட்டினான். சாமியறைக்கு மட்டும் தமிழில் எழுதியிருக்கிறான்; அதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லையாம்.

சிவபாதம், 20:44
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

செவ்வாய்க்கிழமை

தர்சினி, 12:30
ரவி மாமா, நேற்று எழுத மறந்த ஒன்று. இந்த நாட்டின் அரசியலமைப்பில் 61a என்று ஓர் உறுப்புரை இருக்கிறது. பொதுக் கல்விப் பாதைக்கும் தொழிற்கல்விப் பாதைக்கும் சமூகத்தில் சமமான மதிப்புக் கிடைக்க அரசு பாடுபட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். 2006 மே 21 ஆம் திகதி மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டது.

ரவி, 15:02
கலியாணப் பேச்சுக்கு வருபவர்கள் அரசியலமைப்பை வாசித்துவிட்டு வருவதில்லை, பிள்ளை. ஆனாலும் நேற்று இரவு யோசித்தேன். ஒன்று கேட்கிறேன்: கையெழுத்தையும் இட்டுவிட்டு, மார்ச்சில் கிம்னாசியத் தேர்வையும் எழுதிப் பார்த்தால் என்ன?

தர்சினி, 15:20
அது வேண்டாம், மாமா. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கோடையில் கைவிட்டால் அந்த நிறுவனம் அந்த ஆண்டு பிள்ளையில்லாமல் நிற்கும். அடுத்து வரும் தமிழ்ப் பெயரை அவர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்றும் யோசியுங்கள். ஆனால் அதே மார்ச்சில் பெரூஃப்ஸ்மத்தூராவுக்கும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. உங்கள் ஐந்து மாத ஆயத்த வகுப்பு வீண்போகாது. நிறுவனம் வாரத்தில் இரண்டாவது பள்ளி நாளுக்குச் சம்மதிக்குமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, பலர் கேட்பார்கள்.

விடுமுறையைப் பற்றியும் கவினுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பள்ளியில் ஆண்டுக்கு 13 கிழமை லீவு. லேரயில் 5 கிழமைதான். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அக்டோபரில்தான் இது உறைக்கும்.

புதன்கிழமை

சாந்தினி, 18:05
இன்று நானே தொலைபேசி எடுத்தேன். பயிற்சிப் பொறுப்பாளர் பத்து நிமிடம் கதைத்தார். மார்ச்சில் சித்தியடைந்தால் இரண்டு நாள் பள்ளிக்கு விடுவதாகவும், அதை மின்னஞ்சலில் எழுதித் தருவதாகவும் சொன்னார். சித்தியடையாவிட்டாலும் ஒப்பந்தம் அப்படியே இருக்கும். மத்தூராவை லேர முடிந்தபின் செய்யலாம். அவருமே லேர முடித்து, மேற்தேர்வுகள் எழுதித்தான் நிறுவல் உரிமத்துக்கான தகுதி பெற்றாராம். கவின் மின்பெட்டியில் எழுதி ஒட்டிய கதையையும் அவருக்குச் சொன்னேன், நிறையச் சிரித்தார்.

சிவபாதம், 19:00
மின்னஞ்சல் வந்தபின் கையெழுத்திடுங்கள். வருவதற்கு முன் இட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

ரவி, 11:35
மின்னஞ்சல் வந்தது, தர்சினியும் வாசித்துப் பார்த்தாள். பகல் வேலையை மாற்றிக்கொண்டு நானும் போனேன். மூன்று பிரதிகளிலும் கையெழுத்திட்டோம். அவன்தான் முதலில் இட்டான். இனி அது கன்டோனுக்குப் போகும்.

சிவபாதம், 11:50
நல்லது, தம்பி. மார்ச் தேர்வுக்கு ஜெர்மன் கட்டுரை உண்டா?

ரவி, 11:52
உண்டு, அண்ணா. தர்சினி ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளியில் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள்.

சாந்தினி, 12:10
வேலை உடுப்புக்கான படிவம் ஒன்றும் தந்தார்கள். பாதுகாப்புக் காலணியின் அளவு 42 என்று எழுதியிருக்கிறான். ஆகஸ்ட்டில் அவனுக்கு அது பற்றாது. பென்சிலால் 43 என்று பக்கத்தில் எழுதிவிட்டேன்.