லாக்டேட் எண்ணைப் பார்த்துக்கொண்டே கழிந்த இரவு

அம்மாவுக்கு மூத்திரத் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை வேறு. ஐசியூவில் சேர்த்த இரவு டாக்டர் சொன்னதில் ஒன்றுதான் மனதில் நின்றது: "லாக்டேட் 6.2 இருக்கும்மா. 2-க்குள்ள இருக்கணும்." லாக்டேட் என்பது உடல் திசுக்களில் உண்டாகி ரத்தத்தில் சேரும் ஒரு பொருளாம். பிரஷர் இறங்காமலிருக்க நார்அட்ரினலின் என்ற மருந்து ஓடிக்கொண்டிருந்தது. தம்பி செல்போனில் தேடி, 4-க்கு மேல் போனால் ஆபத்து என்று படித்துவிட்டு, வராந்தாச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு மணி நேரத்துக்கொரு முறை ரத்தம் எடுத்தார்கள். சிஸ்டர் வெளியே வந்து சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். 6.2, 5.8, 4.1. விடியும்போது 2.9. ஐந்தாம் நாள் அம்மாவை வார்டுக்கு மாற்றினார்கள். அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது.

பதில்:
நான் ஐசியூ நர்ஸ். நீங்கள் வரிசையாக எழுதி வைத்தீர்கள் பாருங்கள், நாங்களும் அதைத்தான் பார்ப்போம். முதல் எண்ணைவிட, அது இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் லாக்டேட் ஏறும். ஆனால் வலிப்பு வந்தாலும், அட்ரினலின் கொடுத்தாலும், கல்லீரல் சோர்ந்தாலும்கூட ஏறும். ஒருமுறை, எடுத்த ரத்தம் மெஷினுக்குப் போகாமல் அரை மணி நேரம் சிரிஞ்சிலேயே இருந்துவிட்டது. சிவப்பணுக்கள் சிரிஞ்சுக்குள்ளும் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கூடி வந்த எண்ணைக் கேட்டு அந்த வீட்டார் அழுதார்கள். திரும்ப எடுத்தபோது குறைவாகத்தான் இருந்தது. அப்போதிலிருந்து சாம்பிளைக் கையோடு கொண்டுபோய்விடுவேன்.

விரல் நுனியை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்றும் எண்ணுவோம். 2019-இல் வெளியான ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வில், லத்தீன் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 பேரிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். 28 நாளில் இறந்தவர்கள், லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை தந்த பிரிவில் 43.4%, விரலைப் பார்த்த பிரிவில் 34.9%. வித்தியாசத்தை உறுதியென்று சொல்ல அந்தக் கணக்கு சற்றே போதவில்லை. ஆனாலும் விரலை அழுத்திப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

பதில்:
எங்கள் அப்பாவுக்கு லாக்டேட் 9-இல் தொடங்கி 11-க்குப் போனது. மூன்றாவது முறையும் ஏறியதும் டாக்டர் எங்களை உட்காரவைத்து மறைக்காமல் சொன்னார். உடனே துபாயிலிருக்கும் அக்காவைக் கூப்பிட்டோம். சிஸ்டர் போனை அப்பா காதருகே பிடித்துக்கொண்டார். அக்கா பத்து நிமிடம் பேசினாள்.