பறவைக் கையேட்டை வைத்துக் கடற்காகங்களைக் கற்றுக்கொள்வது எப்படி?

மண்டபம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கொக்கு, நாரை, உள்ளான், ஆலா வரை ஓரளவு கண் பழகிவிட்டது. கடற்காகம் மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

கையில் இரண்டு புத்தகங்கள் உள்ளன. ஒன்று சாலிம் அலியின் நூல், பள்ளி நூலகத்துப் பழைய பிரதி. இன்னொன்று கிரிமெட்டும் இன்ஸ்கிப் தம்பதியும் எழுதிய துணைக்கண்டப் பறவைக் கையேடு. காலையில் மீன் இறங்குதளத்துக்குப் போய் நின்றால் எதிரே நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. புத்தகத்தில் தலை முழுக்கப் பழுப்பு பூசி அழகாக வரைந்திருக்கிறார்கள். டிசம்பரில் இங்கே ஒன்றுக்குக்கூட அந்தத் தலை இல்லை. கண்ணுக்குப் பின்னால் மை வைத்தாற்போல ஒரு பொட்டு மட்டும். சிலவற்றுக்கு இறக்கையில் பழுப்புத் திட்டு இருக்கிறது. அது எந்த இனத்துக்கு உரியது என்று பக்கம் புரட்டினால் எல்லா இனத்துக்கும் இருக்கிறது!

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். "இது என்ன டீச்சர்?" என்று நிச்சயம் கேட்பார்கள். வேறு நல்ல புத்தகம் வாங்க வேண்டுமா, அல்லது இருக்கும் புத்தகத்தை வேறு விதமாகப் படிக்க வேண்டுமா?

வலசைப்பித்தன்:

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எதற்கு அலைகிறீர்கள்? மெர்லின் செயலியைத் தரவிறக்குங்கள். ஒரு படம் எடுத்துக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடும்.

உப்பளத்து ஓரம்:

டீச்சருக்கு வணக்கம். தூத்துக்குடியில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மாலை நேரங்களில் உப்பளத்து வரப்புகளில் கடற்காகம் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு உருப்படியான வேலை கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செயலியைப் பற்றி முதலில். அது பெயரைச் சொல்லும், மறுக்கவில்லை. ஏன் அந்தப் பெயர் என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? அதற்குப் புத்தகம்தான். உங்களிடம் உள்ள இரண்டாவது நூலே போதும், இப்போதைக்கு வேறு எதுவும் வாங்காதீர்கள். சாலிம் அலியின் நூல் 1941இல் முதலில் வந்தது. பறவை பார்க்கத் தொடங்குபவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக அதற்கு நிகர் இல்லை. ஆனால் கடற்காகத்தின் ஒவ்வொரு வயதையும் வரிசையாக வரைந்து காட்டுவது அதன் வேலை அல்ல. அதை நூலகத்தில் திருப்பி வைத்துவிடலாம், மரியாதையோடு.

இனி கேளுங்கள். கையேட்டைக் கரையில் திறக்காதீர்கள். வீட்டில் விளக்கடியில் படிக்க வேண்டிய புத்தகம் அது. கரையில் படத்தைப் புரட்டினால் மனம் படத்துக்கு ஏற்றபடி பறவையை வளைக்கத் தொடங்கிவிடும். கரைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். அலகு என்ன நிறம், நுனி கறுப்பா, கண் வெளிறியதா கறுத்ததா, கால் என்ன நிறம், வாலில் கறுப்புப் பட்டை உண்டா, இறக்கையில் பழுப்பு எந்த இடத்தில், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஓவியம் வராது என்று சொல்லாதீர்கள். உருளைக்கிழங்கு போல வந்தாலும் வரையுங்கள். பெயரைப் பற்றி அங்கே யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் புத்தகத்தைத் திறந்ததும் கடற்காகப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். முன்பக்கங்களில் பறவையின் உறுப்புகளைக் குறித்த படம் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறக்கையில் எது முதன்மைச் சிறகு, எது அடுத்த வரிசை, எவை அவற்றை மூடும் சிறு இறகுகள் என்று தெரியாமல் கடற்காகப் பக்கத்தைப் படிப்பது வீண். உங்கள் "பழுப்புத் திட்டு" எந்த வரிசையில் இருக்கிறது என்பதுதான் பாதிக் கேள்வி.

அடுத்து, பரவல் வரைபடங்களைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள இனங்களில் பாதி, குஜராத் கடற்கரையோடு நின்றுவிடும் அல்லது எங்கேயோ தப்பித் தவறி வந்தவையாக இருக்கும். மன்னார் வளைகுடாவுக்கு வழக்கமாக வருபவற்றுக்கு மட்டும் பென்சிலால் டிக் போடுங்கள்: பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம், மெல்லலகுக் கடற்காகம், பல்லாஸ் எனப்படும் பெரிய கருந்தலைக் கடற்காகம், கடைசியாக ஹ்யூக்ளின் எனப்படும் பெரிய கடற்காகங்களின் கூட்டம். இந்த ஐந்தைத் தவிர மற்றவற்றை இந்த ஆண்டு மறந்துவிடுங்கள். பள்ளி திறந்த முதல் நாளே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் நீங்கள் மனப்பாடம் செய்வதில்லை அல்லவா?

உங்களுக்கு வந்த குழப்பத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கையேட்டில் கண்ணைப் பறிப்பது இனப்பெருக்கக் கோலத்தில் உள்ள முதிர்ந்த பறவை. பழுப்புத்தலைக் கடற்காகம் அந்தக் கோலத்தில் இருக்க வேண்டிய இடம் லடாக்கும் திபெத்தும். கோடையில் சோ மோரிரி ஏரிக்குப் போனால் புத்தகத்துப் படம் அப்படியே உயிரோடு நிற்கும். நம் கரைக்கு அவை வருவது குளிர்காலத்தில், பழுப்பெல்லாம் உதிர்ந்து கண்ணுக்குப் பின்னே அந்த மைப்பொட்டு மட்டும் மிஞ்சிய பிறகு. ஆகவே அந்தப் படத்தை விட்டுவிட்டு, "குளிர்காலம்", "முதல் குளிர்காலம்" என்று குறித்த படங்களிலிருந்து தொடங்குங்கள். மார்ச் வாக்கில் சில பறவைகளுக்குப் பழுப்பு ஏறத் தொடங்கும். அப்போது முதல் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயம். முதலில் வயது, பிறகுதான் இனம். பி. ஜே. கிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1982இல் கடற்காகங்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். வயதைத் தீர்மானிக்காமல் இனத்தைத் தேடுவது வீண் வேலை என்பது அதைப் படித்தவர்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. சிறிய கடற்காகங்களில் இறக்கையின் மேல் பழுப்புத் திட்டு, வால் நுனியில் கறுப்புப் பட்டை, இரண்டும் இருந்தால் அது முதல் குளிர்காலக் குஞ்சு. எந்த இனம் என்று அந்தத் திட்டு சொல்லாது. "நான் இந்த ஆண்டு பிறந்தவன்" என்று மட்டும்தான் சொல்லும். எல்லா இனத்துக்கும் அது இருப்பதாக நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. சிறிய கடற்காகங்கள் இரண்டாவது குளிர்காலத்திலேயே பெரும்பாலும் முதிர்ந்த கோலத்துக்கு வந்துவிடும். பெரியவை அதற்கு நான்கு ஆண்டு எடுத்துக்கொள்ளும்.

வயது தெரிந்தபின் இறக்கை நுனிக்குப் போங்கள். பறக்கும்போது பாருங்கள். முதிர்ந்த பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கறுத்து, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். குஞ்சுக்கு அந்தப் பொட்டுகள் இருக்காது. கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளை ஆப்பு ஒன்று செருகினாற்போல ஓடும். கறுப்பு, சிறகு முனைகளில் ஓரமாக மட்டும் நிற்கும். கண்ணையும் பாருங்கள்: முதிர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கறுத்த கண். பழுப்புத்தலை கொஞ்சம் பருமன், அலகும் தடிமன். உங்கள் இறங்குதளத்தில் உட்கார்ந்திருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை பழுப்புத்தலையாகவே இருக்கும். அதை எல்லா வயதிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படியுங்கள். பிறகு வேறொன்று கூட்டத்தில் வந்தால் தானாகவே கண்ணில் உறுத்தும்.

முதுகின் சாம்பல் அடர்த்தியைப் புத்தகத்தோடு ஒப்பிடாதீர்கள். அச்சு ஒரு நிறம், நண்பகல் வெயில் ஒரு நிறம், மேகமூட்டம் இன்னொரு நிறம். பக்கத்தில் நிற்கும் பறவையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

காசிமேட்டுக் கேமரா:

உப்பளத்து ஓரம் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. நோட்டில் எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் கடற்காகம் இறக்கை விரிப்பது ஒரு கணம். அதற்குள் நுனியில் எத்தனை பொட்டு என்று எந்தக் கண்ணும் எண்ணாது. சாதாரண ஜூம் கேமரா போதும். படகுக்காரர்கள் கழிவு மீனை வீசும்போது தொடர்ச்சியாக அழுத்திக்கொண்டே இருங்கள். விரிந்த இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே பறவையில் கிடைத்தால், கையேட்டில் உள்ள பறக்கும் படத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்க்கலாம். கையேட்டின் உண்மையான பயன் எனக்கு அந்தச் சிறிய பறக்கும் படங்களில்தான் தெரிந்தது. உட்கார்ந்திருக்கும் பெரிய படங்கள் பார்வைக்கு அழகு, அவ்வளவுதான்.

பெரிய கடற்காகங்களைப் பற்றி ஐயா விட்டுவிட்டார். டீச்சர் தனுஷ்கோடிப் பக்கம் போனால், கோதண்டராமர் கோயில் ஒட்டிய நீர்ப்பரப்பிலும் அரிச்சல்முனையிலும் அவற்றைப் பார்ப்பார். பல்லாஸ் எளிது. நீண்டு சரிந்த நெற்றி, கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை, கண்ணைச் சுற்றிக் கரிய முகமூடி. முதிர்ந்ததற்கு மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டையும் சிவப்பும். பொங்கல் கழிந்ததும் முதிர்ந்த பறவைகளுக்குத் தலை கறுக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு குழந்தைகூடச் சொல்லும். முதல் குளிர்காலப் பல்லாஸுக்கே முதுகு சாம்பலாகிவிடும். அதே வயது ஹ்யூக்ளினுக்கு முதுகு முழுக்கப் பழுப்புச் செதில். பல்லாஸுக்கு வால் பட்டையும் பளிச்சென்று வெட்டியதுபோல் இருக்கும்.

ஹ்யூக்ளின் பக்கத்தைத் திறந்து தலைவலியை வாங்காதீர்கள். ரஷ்யாவின் வடகோடித் தூந்திராவிலிருந்து வருவது ஹ்யூக்ளின், கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளியிலிருந்து வருவது இன்னொன்று. இரண்டும் நம் கரையில் கலந்து நிற்கும். சில நூல்கள் ஹ்யூக்ளினைத் தனி இனம் என்கின்றன; பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்டு இணையதளம் அதைச் சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் துணையினமாக வைத்திருக்கிறது. புல்வெளிப் பறவை முதுகு சற்று வெளிறியது, சிறகு மாற்றத்தையும் முன்னதாக முடித்துவிடும். வடக்குப் பறவைக்கு நடுக்குளிர்காலத்திலும் வெளிச்சிறகுகள் வளர்ந்துகொண்டிருக்கும். இதைப் புத்தகத்தின் உரைப்பகுதியில் தேடுங்கள்; ஓவியத்தில் தெரியாது. எட்டாம் வகுப்புக்கு இது தேவையே இல்லை.

மண்டபம் டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. உறுப்புப் படத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அந்தப் பக்கம் இருப்பதே தெரியாது. இன்று காலை ஒரு பறவையை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். தலை சுத்த வெள்ளை. பொட்டு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கல். கண் வெளிறியது. நெற்றி சரிவாக இறங்கி அலகோடு சேர்கிறது. கழுத்து நீளம். கூட்டத்தை விட்டு ஓரமாக, ஆழமில்லாத நீரில் நின்றது. முதுகு சாம்பல், வாலில் பட்டை இல்லை, பழுப்புத் திட்டும் இல்லை. பறக்கவில்லை, அதனால் இறக்கை பார்க்கவில்லை. கண் வெளிறியது என்பதால் பழுப்புத்தலை என்று எழுதலாமா?

உப்பளத்து ஓரம்:

பட்டையும் திட்டும் இல்லாததால் முதிர்ந்த பறவை. அதை நீங்களே கண்டுவிட்டீர்கள். கண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மெல்லலகுக்கும் கண் வெளிறியதே. சரிந்த நெற்றி, நீண்ட கழுத்து, மங்கிய பொட்டு என்று நீங்கள் எழுதிய மூன்றும் மெல்லலகின் பக்கமே சாய்கின்றன. பழுப்புத்தலைக்கு இந்தக் காலத்தில் பொட்டு தெளிவாக இருக்க வேண்டும், நெற்றியும் உருண்டிருக்க வேண்டும். இறக்கையைப் பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை: மெல்லலகுக்கும் கருந்தலையைப் போல முன்விளிம்பில் வெள்ளைக் கீற்றுதான், பழுப்புத்தலையின் அகன்ற கறுப்பு நுனி கிடையாது. நாளை அதே இடத்துக்குப் போய் அது எழும்பும்வரை நில்லுங்கள்.

அதுவரை பட்டியலில் "கடற்காகம், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஈபேர்டில் அதற்கென்றே ஒரு பதிவு வகை இருக்கிறது, யாரும் சிரிக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

காசிமேட்டுக் கேமரா:

கேமரா எடுத்துப் போங்கள் டீச்சர். எழும்பும் முதல் கணத்திலேயே அழுத்துங்கள், அடிப்புறமும் விழட்டும். படத்தை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறோம்.