'வேக்குவம் லைன்': வெற்றிடக் குழாயா, வேறு சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊதும் கருவி) பொருத்திய பெட்ரோல் எஞ்சின் பற்றிய பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை படங்கள் அச்சுக்குப் போகின்றன. எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டோடு மற்ற பாகங்களை இணைக்கும் சிறு குழாய்தான் 'வேக்குவம் லைன்'. அது வரும் இடமெல்லாம் 'வெற்றிடக் குழாய்' என்று போட்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "டர்போ ஊதும்போதும் இது வெற்றிடக் குழாய்தானா ஐயா?" நியாயமான கேள்வி. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது, மேனிஃபோல்டு அழுத்தம் ஏறக்குறைய 30, 40 கிலோபாஸ்கல், வெளிக்காற்றோ 101. டர்போ ஊதினால் அதே இடம் 150ஐயும் தாண்டும். நல்ல சொல் தாருங்கள்.

—

ஐயா, வணக்கம்.

வெறுமை + இடம் = வெற்றிடம். ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டியது, புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் 'இடம்' ஓரிடத்தில் நிற்பது, இதுவோ ஓடும் வளி. 'உறிகுழல்' என்று வைக்கலாம். வினைத்தொகை, உறிந்த, உறிகின்ற, உறியும் என முக்காலமும் அடங்கும். குழாயைவிடக் குழல் அழகு. குழி, குழை, குழல் எல்லாமே உள்ளே துளைபட்டதைச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் கருத்து. 'வளிதொழில் ஆண்ட உரவோன்' (காற்றின் தொழிலை ஆண்ட வலியவன்) என்கிறது புறநானூறு 66. அதையொட்டி 'வளிதொழிற்குழல்' என்றாலும் எனக்கு மகிழ்ச்சியே.

—

அம்மா, முக்காலமும் உறிந்தால் சிக்கலே இல்லை. இது ஒரு நேரம் உறியும், ஒரு நேரம் ஊதும். பெயரை நம்பி மாட்டினால் எஞ்சின் கெட்டுவிடும்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் கசியும் வாயு, அதை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குப் போய் எரிகிறது. டர்போ ஊதும்போது அந்த வால்வு சரியாக மூடாவிட்டால், காற்று தலைகீழாகக் கிராங்க் அறைக்குள் புகுந்து ஆயில் சீலைத் தள்ளிவிடும். அங்கே ஒருவழி வால்வு கட்டாயம். அந்த நேரத்தில் வாயு வெளியேற, டர்போவின் கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கும் காற்றுக்குழாயில் இன்னோர் இணைப்பு வேண்டும். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலனிலிருந்து வரும் ஆவிக்கும் இதே காவல்தான்.

ஆனால் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கும், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் பிரஷர் ரெகுலேட்டருக்கும் போகும் குழாயில் ஒருவழி வால்வு போடவே கூடாது. குறைந்தாலும் கூடினாலும் மேனிஃபோல்டில் என்ன அழுத்தமோ அது அப்படியே அங்கே போய்ச் சேர வேண்டும். ஆக, ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சேதி சொல்வதைத் 'தூதுக்குழல்' என்றும், வாயுவைத் திருப்பிக் கொண்டுபோவதை 'மீட்புக்குழல்' என்றும் பிரித்துவிடலாம்.

—

குழலை மட்டும் தமிழாக்கிவிட்டு வால்வை அப்படியே விடுவதா? 'ஓரதர்' என்ற சொல் இருக்கிறதே! ஓர் + அதர். அதர் என்றால் வழி. 'ஒருவழி ஓரதர்' என்று எழுதுங்கள்.

—

அது கூறியது கூறல் அல்லவா? ஓரதர் என்றாலே ஒருவழிதானே. அப்புறம், எல்லா வால்வும் ஒருவழி அல்ல. இந்தக் காவல் வால்வுக்கு மட்டும் 'ஓரதர்' பொருந்தும் என்றால் ஏற்கிறேன். மற்றவை வால்வாகவே இருக்கட்டும். படிக்கிற பிள்ளைக்குப் பட்டறையில் எந்தச் சொல் காதில் விழுமோ, அது படத்திலும் இருக்க வேண்டும்.

—

தூதுக்குழல் சரி, மீட்புக்குழலும் சரி. பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழல் எதில் சேரும்? அது சேதியும் சொல்லவில்லை, வாயுவையும் மீட்கவில்லை. அதிலுள்ள ஒருவழி வால்வுக்கு அப்பால், டர்போ ஊதினாலும் குறையழுத்தம் அப்படியே நிற்கும். நான் எதிர்த்த 'வெற்றிடக் குழாய்' அந்த ஒரு துண்டுக்குத்தான் உண்மையில் பொருந்துகிறது. முழு வெற்றிடம் இல்லையாதலால் 'குறையழுத்தக் குழல்' இன்னும் நேர்மை. உறிகுழலை நான் இன்னும் விடவில்லை.

—

எல்லோருக்கும் நன்றி. தூதுக்குழல், மீட்புக்குழல் இரண்டையும் படத்தில் ஏற்றிவிட்டேன், நால்வர் ஒப்பினீர்கள். வால்வு வால்வாகவே போகிறது. பிரேக் குழாய்க்கு இந்தப் பதிப்பில் 'வெற்றிடக் குழாய்' என்றே விட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை என்று தெரியும். அந்த மாணவியிடம் இரண்டு சொற்களையும் காட்டினேன். "அப்போ ஒருவழி வால்வு எதில் வரும், எதில் வராது என்று பெயரே சொல்லிவிடுகிறதே" என்றாள்.